அம்மாவின் கால் சத்திரசிகிச்சைக்கு வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. போன வாரம் குளியலறையில் காலை ஊன்றித் திரும்பியதுமே தொடை எலும்பு முறிந்துவிட்டது. தேசிய வைத்தியசாலையில் இருக்கிறார். தனியாரில் 12 இலட்சம் கேட்கிறார்கள். எங்களிடம் 15 இலட்சம் நிலையான வைப்பும் கொஞ்ச நகையும்தான் இருக்கின்றன. "இந்த வருத்தத்தோடு ஒப்பரேஷன் எதற்கு, பிளாஸ்டர் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாங்கோ" என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, மாமா சொல்வதைக் காசுக் கணக்காகப் பார்த்தாலும் அது சரிவராது. புற்று அரித்த எலும்பு பிளாஸ்டரில் பொருந்துவது அரிது. அம்மா படுக்கையோடு கிடந்தால் படுக்கைப்புண், சளிக்காய்ச்சல், இரவு பகல் பார்க்க ஓர் ஆள் என்று மாதக்கணக்கில் காசு போகும். வலி வேறு. இந்தச் சத்திரசிகிச்சை நோயைக் குணமாக்காது. ஆனால் எலும்புக்குள் நீளமான உலோகத் தண்டைச் செலுத்திப் பூட்டினால் வலி குறையும், பெரும்பாலானோர் எழுந்து நடப்பார்கள். வைத்தியர் அம்மாவின் உடல் தாங்கும் என்றால் செய்துவிடுங்கள்.

ஆனால் 12 இலட்சத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். இதே சிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். தண்டு கையிருப்பில் இல்லையென்றால் வெளியில் வாங்கித் தரச் சொல்லலாம். அதற்குக் காசு ஒதுக்குங்கள். உண்மையான செலவு அப்புறம்தான் வரும். காயம் ஆறியதும் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சு, ஒவ்வொரு தடவையும் வான் வாடகை, நடைச்சட்டகம், கமோட் கதிரை, எலும்பைப் பலப்படுத்தும் ஊசி, வெளியில் எடுக்கவேண்டிய ஸ்கான். வைப்பு இதற்குத்தான் வேண்டும்.

இடையில் உடைத்தால் வட்டி குறையும். அவசரத்துக்கு அந்த வைப்பை ஈடாக வைத்தே வங்கியில் கடன் எடுங்கள். நகையை அடகு வைப்பது அதற்கும் பிறகு. அம்மா முன்பு கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்தவரா? அப்படியானால் அவருடைய ஊழியர் சேமலாப நிதியை எடுத்தாரா என்று கேளுங்கள். வேலையை விட்ட பெண்கள் 50 வயதிலேயே முழுவதையும் எடுக்கலாம். பலர் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியும் கிடக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், காசு கட்டுவதற்கு முன்பே.

தேசிய வைத்தியசாலையில் திகதி மிகவும் தள்ளிப்போனால் மட்டும் தனியாரை யோசியுங்கள். அப்போதும் தண்டு, இரத்தம், மயக்கமருந்து வைத்தியர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் அந்த 12 இலட்சத்துக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. மற்றக் காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று வார்ட் வைத்தியரிடம் கேளுங்கள். எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது, எந்த இடத்தில், நடக்கும்போது வலிக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து 12க்குப் புள்ளி போடும் மிரெல்ஸ் அளவுகோல் 1989இலிருந்து இருக்கிறது. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முறியும் முன்பே தண்டு போடச் சொல்வார்கள். முறிந்த பிறகு செய்வதைவிட அது இலேசு, வீடு திரும்புவதும் சீக்கிரம். அந்தப் படம் வரும்வரை வைப்பில் கை வைக்காதீர்கள்.