வாட்ச் காட்டும் பிரஷரை நம்பிக் குளிசையை நிறுத்தலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 67 வயது. கனகாலமாகப் பிரஷர் குளிசை குடிக்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணா பிரஷர் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை அனுப்பினார். எப்போது பார்த்தாலும் அதில் 126/80 அளவில்தான் நிற்கிறது. கிளினிக்கில் 152/94. 'அங்கே சனத்தைக் கண்டாலே ஏறுது, வாட்ச்தான் சரி' என்று இப்போது இரவுக் குளிசையை விட்டுவிட்டார். நாங்கள் எதை நம்புவது?"

முதலில் குளிசை. விட்டு ஓரிரு நாள்தான் என்றால் இன்றிரவே வழமையான அளவில் தொடங்கச் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டு குடிக்க வேண்டாம். வாரக்கணக்காகிவிட்டால் டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாட்ச் காட்டும் எண்ணை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கையில் பட்டி கட்டும் மெஷின் காற்றை நிரப்பி நாடியை நெரிக்கிறது. பிறகு காற்றை விடும்போது நாடி துடிப்பதை உணர்ந்து கணக்கிடுகிறது. அழுத்தத்துக்கு எதிரே அழுத்தத்தை வைத்தே அது பார்க்கிறது. வாட்ச் அப்படி எதையும் நெரிப்பதில்லை. அதன் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய், ஒரு பகுதி இரத்தத்தில் உறிஞ்சப்பட, மிச்சம் திரும்புகிறது. அதிலிருந்து நாடி அலையின் வடிவம் தெரியும். சில வாட்ச்கள் இதயம் துடித்த நேரத்துக்கும் அந்த அலை மணிக்கட்டுக்கு வந்து சேரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்கும். பிரஷர் கூடினால் நாடி இறுகும், அலை வேகமாக வரும். அந்த வேகத்திலிருந்து பிரஷரை ஊகிக்கிறார்கள். ஆனால் வயது, குளிர், குடிக்கும் மருந்து எல்லாமே நாடியின் இறுக்கத்தை மாற்றும்.

அதனால்தான் சாம்சுங் வாட்ச் போன்றவற்றை 4 கிழமைக்கு ஒருமுறை பட்டி மெஷினோடு ஒப்பிட்டு அளவு திருத்தச் சொல்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் அது காட்டுவது, அன்று நீங்கள் கொடுத்த எண்ணிலிருந்து எவ்வளவு மாறியிருக்கலாம் என்ற ஊகம். உங்கள் வீட்டில் அதை யாருடைய கையில் திருத்தினார்கள்? அண்ணா லண்டனில் தன் கையில் பூட்டித் திருத்திவிட்டு அனுப்பியிருந்தால், அப்பா பார்த்துக்கொண்டிருப்பது மகனுடைய பிரஷரை அடியாக வைத்த கணக்கு. உண்மையான பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கும், நித்திரையில் 10 முதல் 20 வீதம் வரை குறையும். எப்போதும் 126 என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பட்டி இல்லாத கருவிகளைக் கொண்டு உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறியவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023 வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. 2025இல் அப்பிள் தன் வாட்சில் கொண்டுவந்த உயர் பிரஷர் எச்சரிக்கை வசதியும் எண் எதையும் காட்டாது. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு உரியதும் அல்ல. ஹுவாவே வாட்ச் டி வேறு வகை. அதன் பட்டியிலேயே சிறிய காற்றுப் பை உண்டு.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விடியவே போய் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் அவசரமாக உள்ளே போய்க் கதிரையில் இருந்தால் பலருக்கு ஏறத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க மேற்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் வேண்டும். காலி வீதிப் பார்மசிகளில் கேட்கலாம். வாங்கமுன் மொடல் இலக்கம் 'ஸ்ரைட் பிபி' (STRIDE BP) இணையத்தளத்தில், சோதித்துச் சரியெனக் கண்ட மெஷின்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் மேற்கைச் சுற்றளவையும் அளந்துகொண்டு போங்கள். பட்டி சிறிதானால் எண் கூடக் காட்டும்.

காலையில் குளிசைக்கு முன், தேத்தண்ணிக்கும் முன். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் பட 5 நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். சேட் கையை நெருக்கிச் சுருட்டாமல் கழற்றிவிட்டு, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டியைக் கட்டுங்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினாலே 7, 8 புள்ளி கூடிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். மாலையிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் கிளினிக் சொன்னதுதான் சரி. குறைவாக வந்தால் அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த எண் குளிசையோடு வந்தது. இரண்டில் எது வந்தாலும் கொப்பியையும் மெஷினையும் அடுத்த கிளினிக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாட்சைக் கழற்ற வேண்டாம். நாடித் துடிப்பு ஒழுங்கில்லை என்று அது அறிவித்தால் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். துடிப்பு அப்படியிருந்தால் பிரஷர் ஊகம் இன்னும் பிழைக்கும்.

மெஷினில் 180/120ஐத் தாண்டி, நெஞ்சு நோ, மூச்சு முட்டல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் சோர்வு என்று ஏதாவது சேர்ந்து வந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை.