டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தவர் யார்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இரட்சிக்கப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் சபையில் 21 நாள் உபவாச ஜெபம் அறிவித்தார்கள். நாலாம் நாளே ஷிப்டில் மயங்கி விழுந்து, மோர் குடித்து முறித்துவிட்டேன். எங்கள் சபைச் சகோதரி ஒருவர் ராத்திரி ஒரு வேளைக் கஞ்சியோடு 21 நாளும் முடித்து, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னார். அவர் மகன் 119-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறான். ஆள் மாற்றி ஆள் விடாமல் ஜெபிக்கிற சங்கிலி ஜெபத்தில் விடியற்காலை 3 மணியை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். நான் என் நேரத்தில் தூங்கிவிடுகிறேன். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில்கூட அவருக்கு ஆசீர்வாத வசனம், எனக்கு எச்சரிப்பு வசனம். தினமும் ராத்திரி பாயில் உட்கார்ந்து அழுகிறேன். என் பத்து வயது மகள்கூடப் போன வாரம் மூன்று நாள் மத்தியானம் சாப்பிடாமல் உபவாசம் இருந்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் சாப்பாட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அப்படியே கொண்டுவந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் கழுவப்போன என் கணவர் பார்த்துச் சத்தம் போட்டார். கேட்டதற்கு, ‘உங்களுக்காக இருக்கேம்மா’ என்றாள். அவளுக்கு இருக்கிற வைராக்கியம்கூட எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது. கணவர் ஆவிக்குரிய காரியங்களில் வெதுவெதுப்பானவர், அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை. இந்தக் குற்ற உணர்ச்சி போக என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் ஒன்றரைப் பக்கம் அந்தச் சகோதரிக்குப் போயிருக்கிறது. பெற்ற மகளுக்குக் கிடைத்தது நாலைந்து வரி. அதையும் உங்களுக்கு வைராக்கியம் போதவில்லை என்று காட்டுவதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பத்து வயதுப் பிள்ளை மூன்று நாள் மத்தியானம் பட்டினி கிடந்திருக்கிறாள். கேட்டதும் பெற்ற வயிறு பதறியிருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது வெட்கம். சபையில் போட்டி போட்டது போதாதென்று வீட்டுக்குள் மகளையும் போட்டியில் சேர்த்து, அவளிடமும் தோற்றுப்போனதாக எனக்கு எழுதுகிறீர்கள்.

அவள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் காதில் வாங்கவில்லை. ‘உங்களுக்காக’ என்றாள். ஆண்டவருக்காக என்று சொல்லவில்லை. ராத்திரி நீங்கள் பாயில் உட்கார்ந்து அழுவது பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கேட்காதா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அம்மா நாலாம் நாள் விட்டதைத் தான் பிடித்துக்கொண்டால் அம்மா அழமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்த கணக்கைப் போட்டிருக்கிறாள். முதல் இரண்டு நாள் மறைத்தாள். மூன்றாம் நாள் ஏன் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று யோசித்தீர்களா? யாருக்காவது கொடுத்துவிட்டு வர அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதா? நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் கொண்டுவந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்தவர் அப்பா.

அந்த அப்பாவைத்தான் வெதுவெதுப்பானவர் என்கிறீர்கள். அந்த வார்த்தை எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், வேதத்தில் லவோதிக்கேயா சபையைக் கண்டித்துச் சொன்னது. உங்கள் வீட்டில் சாயந்தரம் டிபன் பாக்ஸைத் திறந்து கழுவுகிற மனுஷனுக்கு அதைச் சொல்லலாமா? பிள்ளை சாப்பிடவில்லை என்று கத்தினாரே, இந்தக் கடிதத்தில் நான் பார்த்த ஒரே பெற்றோர் அவர்தான். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தவள், ஒரு நாள் மட்டும் இருந்த ஓர்ப்படியை ஏற இறங்கப் பார்ப்பாள். நோன்பு மாதத்தில் ‘இன்னும் ஓதி முடிக்கலையா?’ என்று நாத்தனார் கேட்பாள். சாமிதான் வேறு, கண்ணீர் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்கிறேன். பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்தில் இருப்பவர்களும் எனக்கு எழுதுவதுண்டு. ஒரு வாரம் சாட்சி சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பயம் அவர்களுக்கு. அந்தச் சகோதரி எப்படியோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவர் வீட்டு ராத்திரியை நீங்கள் பார்த்ததில்லை.

வாக்குத்தத்த அட்டை விஷயத்துக்கு அதிக இடம் தர மாட்டேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுக்கிறீர்கள். அச்சடித்த அட்டை அது. அதிலுமா அடுத்தவர் கையை எட்டிப் பார்ப்பது?

உங்கள் வேதத்தையே எடுத்துப் பேசலாம். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு பேதுருவோடு பேசிக்கொண்டிருக்கும்போது, பேதுரு திரும்பிப் பார்த்து இன்னொரு சீஷனைக் காட்டி, ‘இவன் காரியம் என்ன’ என்று கேட்கிறார். யோவான் கடைசி அதிகாரம். கிடைத்த பதில், ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா.’ ஒன்பது வருஷத்தில் இந்தப் பகுதியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

அப்புறம் யவீருவின் மகள். மாற்கு 5-ஆம் அதிகாரம். அவளுக்குப் பன்னிரண்டு வயது, உங்கள் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். செத்துப்போனவளை எழுப்பியதும் இயேசு அந்த வீட்டாருக்கு இரண்டு காரியம் சொல்கிறார். நடந்ததை ஒருவருக்கும் சொல்லக் கூடாது; பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய சாட்சி எந்தச் சபையில் கிடைக்கும்? அதை வெளியே சொல்லாதே என்கிறார். அழுது புலம்பிய வீட்டில், நடந்த அதிசயத்தில் எல்லாரும் வாய்பிளந்து நிற்கும்போது, பிள்ளைக்குப் பசிக்கும் என்பது அவருக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. இதை ஒரு தரம் நிதானமாக வாசியுங்கள். சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம், உங்களுக்காக வாசியுங்கள்.

பசியைப் பழக்கமாக வைத்திருக்கிற பழைய மார்க்கங்கள் அதற்கு எல்லையும் வகுத்திருக்கின்றன. இஸ்லாத்தில் பருவம் வராத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் உபவாசக் கடமை 18 வயதில்தான் தொடங்குகிறது. உங்களுடையதைப் போன்ற தனிச் சபைகள் பலவற்றில் இப்படி எழுதி வைத்த வரம்பு இருப்பதில்லை. பாஸ்டர் சொல்வதும் பக்கத்துப் பாயில் உட்காருகிறவர் செய்வதும்தான் அளவு. அதனால் வரம்பை வகுக்க வேண்டியது பெற்றவர்கள். நம் ஊர் அரசியலில் காமராஜர், எம்.ஜி.ஆர், அப்புறம் காலைச் சாப்பாடு கொண்டுவந்த ஸ்டாலின், மூன்று பேரும் மூன்று திசை. 1956, 1982, 2022 என்று வருஷங்கள் போனாலும், பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் செய்தார்கள். நீங்கள் சோறு கட்டிக்கொடுத்தும் உங்கள் பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள்.

குற்ற உணர்ச்சி போக வழி கேட்டீர்கள். அது போகக் கூடாது என்பது என் எண்ணம். இடம் மாறினால் போதும். மோர் குடித்ததற்காக அழுததை விட்டுவிட்டு, மகளைக் கவனிக்காமல் விட்டதற்காக ஒரு நாள் நன்றாக அழுங்கள். அவள் முன்னால் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாளில் சங்கிலி ஜெபத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். யார் எந்த நேரம் ஜெபித்தார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களே, அதைப் பார்ப்பதை நிறுத்துங்கள். முடியாவிட்டால் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள், விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள், பின்மாற்றம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஷிப்டில் மயங்கி விழுந்த உடம்பை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

மகளிடம் இரண்டு வாக்கியம் போதும்: ‘அம்மா அழுததுக்கு நீ காரணமில்ல. அம்மாவுக்காக நீ இனிமே பட்டினி இருக்கக் கூடாது.’ வசனம் எதுவும் சேர்க்காதீர்கள். சொல்லிவிட்டு அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். இரண்டு பேரும் ஒரே தட்டைப் போட்டுக்கொண்டாலும் சரி.

பாஸ்டரையும் பாருங்கள், கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் பத்து வயது மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் நாலாம் நாள் கதையை எடுக்க வேண்டாம். நல்ல மேய்ப்பராக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகள் யாரும் உபவாசம் இருக்கக் கூடாது என்று மேடையில் சொல்வார். அப்படியில்லாமல், உங்கள் மகளை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னால், அங்கேயே அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். வேறு சபை திருப்பூரில் கிடைக்காமல் போகாது.

அடுத்த ஒரு மாதத்துக்கு டிபன் பாக்ஸை நீங்கள் கழுவுங்கள். மறுபடி சோறு மிச்சம் வந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மாதம் முடிந்த பிறகு எழுதுங்கள், உங்கள் உபவாசத்தைப் பற்றி அப்போது பேசலாம்.