சித்தப்பா ஃபார்வர்டுல எங்க இடிக்குது?

கேள்வி: எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல கொஞ்ச நாளா ஒரே சண்டை சார். தங்கச்சி பொண்ணுக்கு ஒன்பது மாசம் முடியப்போகுது, தட்டம்மை ரூபெல்லா ஊசி போடணும். "அத போட்டா ஆட்டிசம் வரும், எனக்கு தெரிஞ்ச பையனுக்கே வந்துச்சு"ன்னு சித்தப்பா ஒரு வீடியோ போட்டாரு. நான் வாய தெறந்தா "நீ என்ன டாக்டரா", "நாங்கல்லாம் ஊசி போட்டா வளந்தோம்", "அப்ப குழந்தைக்கு ஏதாச்சும் ஆனா உனக்கு பரவால்லயா"ன்னு வரிசையா வருது. எங்கயோ இடிக்குதுன்னு தெரியுது, எங்கன்னு சொல்ல வரல. இந்த லாஜிக் தப்பெல்லாம் எப்படி கண்டுபிடிக்கறது? (ஒரு வாசகி)

பதில்: நெட்ல தேடுனீங்கன்னா இந்த தப்புகளுக்கு லத்தீன் பேரு, இங்கிலீஷ் பேருன்னு நீளமா ஒரு பட்டியல் கெடைக்கும், அத மனப்பாடம் பண்ணாதீங்க. பேரு தெரிஞ்சவங்க குரூப்புல பேர சொல்லிட்டு ஜெயிச்சுட்டோம்னு போயிடுவாங்க, எதிர்ல இருக்கறவருக்கு ஒரு எழவும் புரியாது, கோவம் மட்டும் மிஞ்சும். நான் காலேஜ்ல பசங்களுக்கு சொல்லித்தர்றது ஒரே ஒரு வேலைதான். வந்த மெசேஜ்ல முடிவு எதுன்னு பாருங்க, அதுக்கு அப்புறம் "ஏன்னா"ன்னு போட்டு அவங்க சொல்ற காரணத்த எழுதுங்க, எழுதிட்டு இந்த காரணத்துலேந்து அந்த முடிவுக்கு போகணும்னா நடுவுல எந்த வரி உண்மையா இருந்தாகணும்னு கேளுங்க. அந்த நடு வரிய யாரும் டைப் பண்ண மாட்டாங்க, தப்பு முக்கால்வாசி அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

சித்தப்பா சொன்னதையே எடுத்துக்கலாம். "இந்த ஊசியால ஆட்டிசம் வரும், ஏன்னா அந்தப் பையனுக்கு ஊசி போட்டப்புறம்தான் வந்துச்சு." நடு வரி என்ன? "ஒண்ணுக்கு அப்புறம் நடக்கறதெல்லாம் அதனாலதான் நடக்குது." இத இப்படி உடைச்சு எழுதி காட்டுனா சித்தப்பாவே ஒத்துக்க மாட்டாரு. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு அவரே எத்தன தடவ சொல்லிருப்பாரு.

ஆனா இந்த எடத்துல அது ஏன் இவ்ளோ நம்பற மாதிரி இருக்குன்னும் பாக்கணும், இல்லன்னா அந்தப் பையனோட அம்மா அப்பாவ முட்டாள்னு சொன்ன மாதிரி ஆயிடும். இந்த ஊசி ரெண்டாவது டோஸ் 16லேந்து 24 மாசத்துக்குள்ள போடறாங்க. ஆட்டிசத்தோட அறிகுறிய, அதாவது கூப்ட்டா திரும்பி பாக்கல, பேச்சு வரல, வந்த பேச்சும் நின்னுபோச்சுன்றதெல்லாம், நெறைய வீட்ல கவனிக்கறது கிட்டத்தட்ட அதே வயசுலதான். ரெண்டும் ஒரே காலத்துல வர்றதால ஊசியே போடலன்னாலும் சில குழந்தைங்களுக்கு அதே மாசத்துல அது தெரிய ஆரம்பிக்கத்தான் செய்யும். அப்ப போட்டவங்களையும் போடாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாதான் உண்மை தெரியும். டென்மார்க்ல அப்படி பாத்தாங்க, 1999லேந்து 2010 வரைக்கும் பொறந்த 6,57,461 குழந்தைங்க, 2019ல முடிவு வந்துச்சு, ஊசி போட்டவங்களுக்கு ஆட்டிசம் கூடுதலா வரல. அவங்க பாத்தது தட்டம்மை, ரூபெல்லாவோட பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி. ஜப்பான்ல 1993ல அந்த எம்எம்ஆரையே நிறுத்திட்டாங்க, அதுக்கு அப்புறமும் யோகோஹாமால ஆட்டிசம்னு கண்டுபிடிக்கறது கொறையாம ஏறிட்டேதான் போச்சு.

நடிகர் விவேக் விஷயமும் இதே மாதிரிதான் பரவுச்சு. 2021 ஏப்ரல் 15 அன்னிக்கு கொரோனா ஊசி போட்டுக்கிட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துட்டாரு, ஊரே ஊசிதான்னு முடிவு கட்டிடுச்சு. இதயத்துக்கு ரத்தம் போற முக்கியமான குழாய்ல அடைப்பு இருந்துச்சுன்னு டாக்டருங்க சொன்னாங்க, ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசோட ஆய்வுக்குழு சில மாசம் கழிச்சு சொல்லுச்சு. அந்த செய்திய அந்த வேகத்துல எத்தன பேரு ஃபார்வர்டு பண்ணீங்க?

அடுத்தது "நீ என்ன டாக்டரா". நீங்க சொன்ன அதே வாக்கியத்த ஒரு டாக்டர் டைப் பண்ணிருந்தா அதோட உண்மை மாறுமா? மாறாது, அப்ப இது உங்கள பத்தின பேச்சு, ஊசிய பத்தினது இல்ல. ஆனா ஆள பத்தி பேசற எல்லாமே தப்புன்னும் நெனச்சுக்காதீங்க. இந்த ஆட்டிசம் கதைக்கே மூலம் 1998ல லான்செட்ன்ற மருத்துவ பத்திரிகைல வேக்ஃபீல்டுன்ற பிரிட்டிஷ் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் எழுதுன கட்டுரை, வெறும் 12 குழந்தைங்கள வெச்சு எழுதுனது, தொடர்ப நிரூபிக்கலன்னு அதுலயே இருக்கு. தடுப்பூசி கம்பெனிங்க மேல கேஸ் போட தயாராயிட்டு இருந்த வக்கீல் பக்கத்துலேந்து அவருக்கு பணம் வந்தது பின்னாடி வெளிய வந்துச்சு. அது ஆள பத்தின விஷயம்தான், ஆனா அவரு சொல்றத எவ்ளோ நம்பலாம்னு முடிவு பண்ண தேவையான விஷயம். 2010ல அந்த கட்டுரைய பத்திரிகையே வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் அவரு டாக்டர் பதிவும் போச்சு.

உங்க சித்தப்பா ஒரு பக்கம் "டாக்டருங்கள நம்பவே கூடாது"ன்னு சொல்லிட்டு, அடுத்த மெசேஜ்லயே "வீடியோல ஒரு டாக்டரே சொல்றாரு பாரு"ன்னு போட்டிருப்பாருன்னு எனக்கு ஒரு சந்தேகம், ஏன்னா இந்த டைப் வீடியோவே அப்படித்தான் எடுக்கறாங்க. மணிமேகலைல 29ஆம் காதைல அறவண அடிகள்ன்ற புத்த துறவி இந்த மாதிரி போலி வாதங்கள ஒண்ணு விடாம அடுக்குவாரு, அதுல தன் சொல்லுக்கு தானே மாறா பேசறதுக்கு அவரு குடுக்கற உதாரணம் "என் தாய் மலடி". இத சித்தப்பாக்கு அனுப்பிடாதீங்க, மனசுக்குள்ள சிரிச்சுக்குங்க.

"நாங்கல்லாம் ஊசி போட்டா வளந்தோம்"ன்றதுல நடு வரி "எங்கள மாதிரியே எல்லாரும் பொழச்சாங்க"ன்றது. குரூப்புல டைப் பண்ண முடியறது பொழச்சவங்களாலதான். தட்டம்மை ஊசி பரவலா வர்றதுக்கு முன்னாடி உலகம் முழுக்க வருஷத்துக்கு 26 லட்சம் பேரு அதுல இறந்திருப்பாங்கன்றது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நம்ம நாட்டு தடுப்பூசி திட்டத்துல அது சேர்ந்ததே 1985லதான், அதுக்கு முன்னாடி அம்மைல போன குழந்தைங்க பழைய வீடுங்கள்ல இருந்திருக்கும், ஆத்தா எடுத்துக்கிட்டான்னு சொல்லி முடிச்சிருப்பாங்க. உங்க பாட்டி இருந்தா தனியா கேட்டு பாருங்க.

"அப்ப குழந்தைக்கு ஏதாச்சும் ஆனா பரவால்லயா" இருக்கே, அது நீங்க சொல்லாத ஒண்ண சொன்னதா வெச்சுக்கிட்டு அடிக்கறது. இதுக்கு விளக்கம் குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா மாட்டினீங்க, ராத்திரி 12 மணி வரைக்கும் "நான் அப்படி சொல்லல"ன்னே டைப் பண்ணிட்டு இருப்பீங்க. நீங்க மொதல்ல சொன்ன ஒரே வரிய காப்பி பண்ணி திரும்ப போடுங்க, நிறுத்திடுங்க.

இனி உங்க பக்கம். சண்டை சூட்டுல "ஊசியால ஒண்ணுமே ஆகாது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதுவும் பொய். ஜப்பான்ல எம்எம்ஆர நிறுத்துனதே, அதுல இருந்த உராபேன்ற பொன்னுக்குவீங்கி வைரஸ் ரகத்தால சில குழந்தைங்களுக்கு மூளை உறை அழற்சி வந்ததாலதான். ஊசி ஒண்ணு விஷம் இல்லன்னா அமிர்தம்னு ரெண்டே கட்சி கட்டறது ரெண்டு பக்கமும் நடக்குது. அதே மாதிரி சித்தப்பா சொன்ன காரணம் ஓட்டைன்னு காட்டிட்டா ஊசி நல்லதுன்னு நிரூபிச்சதா ஆயிடாது, அதுக்கு டென்மார்க் மாதிரி ஆதாரம் தனியா வேணும். "டாக்டர் சொன்னா கேக்கணும் அவ்ளோதான்"னு நீங்க சொல்லிருந்தா அதுவும் வலுவே இல்லாத வாதம்தான், முடிவு சரியா இருந்தாலும்.

குரூப்புல போடறதுக்கு: "சித்தப்பா, அந்தப் பையன நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஊசி போடாத குழந்தைங்களுக்கு இது எவ்ளோ வருதுன்னு அந்த வீடியோல சொல்றாங்களா? பாத்து சொல்லுங்களேன்." கேள்வியா கேட்டா பெரியவங்களுக்கு மரியாதையும் கொறையாது, நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் சொன்னவர்கிட்டயே இருக்கும். "நீ இல்லன்னு நிரூபி பாப்போம்"னு திருப்புனாருன்னா அங்க பதில் சொல்லாதீங்க. அப்புறம் தங்கச்சிக்கு தனியா போன் பண்ணுங்க, முடிவெடுக்கப்போறவ அவதான், குரூப் இல்ல.

அவ கேப்பா, ஜுரம் வருமேன்னு. ஆமா, சில குழந்தைங்களுக்கு ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஜுரமோ லேசான தடிப்போ வரும்னு சொல்லுங்க, அதுல கொஞ்சம் ஊசியாலதான்னும் சொல்லுங்க. அது மட்டும் எப்படி உறுதியா தெரியும்னு கேட்டாளா? பின்லாந்துல 581 ஜோடி இரட்டைக் குழந்தைங்கள எடுத்து, ஒண்ணுக்கு நெஜ எம்எம்ஆரும் இன்னொண்ணுக்கு மருந்தே இல்லாத ஊசியும் போட்டு, மூணு வாரம் கழிச்சு மாத்தி போட்டு பாத்தாங்க, 1986ல முடிவு வந்துச்சு. ஊசிக்கு அப்புறம் வந்த ஜுரம், இருமல், அழுகைல பெரும்பாலானது மருந்தே இல்லாத ஊசிக்கும் அதே அளவு வந்துச்சு, நெஜ ஊசியால வந்தது கொஞ்சம்தான். குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தில ஏதாவது பிரச்சன இருக்குன்னு ஏற்கனவே சொல்லிருந்தா ஊசி போடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அத சொல்ல சொல்லுங்க.