டிரைவர்களுக்குப் பயிற்சி: யாருக்கு எது தேவை?

கேள்வி: மன்னார்குடி அருகே அரிசி ஆலை நடத்துகிறேன். லாரி, மினி லாரி என 14 வண்டிகள், 17 டிரைவர்கள். போன சம்பா அறுவடையின்போது மட்டும் நான்கு வண்டிகள் அடிபட்டன. எல்லோரையும் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாமா? யாருக்கு என்ன தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அனுப்பலாம், ஆனால் இப்போதே வேண்டாம். 17 பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால், பாதிப் பேர் தெரிந்ததையே கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர் பின்வரிசையில் தூங்கிவிடுவார்.

முதலில் இரண்டு வருட ரிப்பேர் பில், இன்சூரன்ஸ் காகிதம், அபராத ரசீது எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் நேராக எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, முன்னால் போகும்போதா ரிவர்ஸிலா, லோடு இருந்ததா, டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆறு அடிகளில் ஐந்து, இரவில் குடோன் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது விழுந்தவை. அங்கே தேவைப்பட்டது ஒரு நல்ல விளக்கு, பின்னால் நின்று கை காட்ட ஓர் ஆள், அரை மணி நேர ரிவர்ஸ் பழக்கம். அவ்வளவுதான்.

அப்புறம் லைசென்ஸ். வண்டியும் பாரமும் சேர்ந்து 7,500 கிலோவுக்குள் என்றால் இலகு ரக லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிகளை ஓட்டுகிறவர்களின் லைசென்ஸ் எந்த வகை, என்று முடிகிறது என்பதை இன்றே பாருங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு டிரைவருடனும் ஒரு மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். அவர் வழக்கமாகப் போகும் பாதை, வழக்கமான லோடு, வழக்கமான நேரம். பரீட்சைக்கென்று தனிப் பாதை வேண்டாம். பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். ஆளின் ஓட்டத்தை இதைப் போலக் காட்டும் சோதனை வேறில்லை.

பாமணி ஆற்றங்கரைப் பக்கம் ஒருமுறை அப்படிப் போனேன். பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மூத்த டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார்: “தார்ப்பாய் ஓரத்துல கல்லு வச்சிருக்காங்க, டயர் ஏறக் கூடாது. அந்தப் பக்கம் பஸ் வருது, மதகுக்கு முன்னாடியே நின்னுடுறேன். வலதுபக்க வயல்ல வாத்து மேயுது, ரோட்டுக்கு வந்தாலும் வரும்.” அதே பாதையில் மறுநாள் இளைய டிரைவர், முன்னால் போன டிராக்டரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. கை, கால் வேகத்தில் அவர்தான் கெட்டிக்காரர். ஆனால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனாலும், மிதிப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும். தூரத்தைப் பார்க்கும் பழக்கம் இவருக்கு வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க முடியும், பலனும் தெரியும். வகுப்பறையில் வராது, அந்த மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு டிரிப் அனுப்பினால் வரும்.

சாயங்காலம் இருட்டும் நேரத்திலும் ஒருமுறை ஏறுங்கள். எதிர் லைட் பட்டதும் ஸ்டியரிங் மேல் குனிகிறாரா, விளக்கில்லாத டிரெய்லரை மற்றவர்களைவிடத் தாமதமாகப் பார்க்கிறாரா? அவர் போக வேண்டியது கண் மருத்துவரிடம். செலவு கம்பெனியுடையது, வேலைக்கு ஆபத்தில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆள் மறைத்துத்தான் வைப்பார்.

கொஞ்சம் கசப்பான விஷயமும் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலைய வாசலில் பகல் முழுக்க வரிசையில் நிற்கும் டிரைவர், இரவு லோடு ஏறியதும் கிளம்புகிறார். ஓட்டவில்லை என்பதற்காக அவர் ஓய்வெடுத்தார் என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. உங்கள் நான்கு அடிகளும் அறுவடையில் வந்தவை என்பதால், என் சந்தேகம் முதலில் டிரிப் அட்டவணை மேல்தான். தூக்கம் கெட்டவருக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. மாற்று டிரைவரைப் போடுங்கள், அல்லது விடிந்தபின் கிளப்புங்கள்.

பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்பதும் முக்கியம். சம்பளத்தில் கை வைக்கும் சூப்பர்வைசர் உட்கார்ந்தால், டிரைவர் அன்று மட்டும் நன்றாக ஓட்டுவார். எல்லோரும் மதிக்கிற, நிதானமான மூத்த டிரைவர் சரி.

முடிவில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ரிவர்ஸ், தூரத்தைப் பார்க்கும் பழக்கம், கண், தூக்கம், ஒன்றுமில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று வருகிறவரை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். மழை வேலைக்கு ஐப்பசிக்கு முன்பும், சம்பா லோடுக்குப் பொங்கலுக்கு முன்பும் பார்த்துவிட்டால் நல்லது. புதிதாகச் சேருகிறவரை முதல் வாரத்திலேயே பாருங்கள். பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து, அதே டிரைவருடன், அதே ரோட்டில், அதே நேரத்தில் மறுபடி ஏறிப் பாருங்கள்.