பக்கத்துப் பள்ளியா, ரவுன் நேர்சரியா?

கேள்வி: அக்கா, என்ர மகளுக்கு வாற தையோட 3 வயது முடியுது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்துகிற முன்பள்ளி இருக்கு. ஆனால் கிளிநொச்சி ரவுனில் ஒரு ஆங்கில நேர்சரிக்கு எங்கட பக்கத்தால வான் ஓடுது. சீருடை, புத்தகம், கம்பியூட்டர் எல்லாம் இருக்காம். அவர் கட்டாரில் நிற்கிறார், "காசைப் பாக்காத, நல்லதில சேர்" என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, பக்கத்தில் இருக்கிறதை முதலில் போய்ப் பாருங்கோ, அது ஓரளவுக்குச் சரியென்றால் அங்கேயே சேருங்கோ. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. விசுவமட்டிலிருந்து பரந்தன் வந்து கிளிநொச்சிக்குத் திரும்புகிற பாதையை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ, ஏ35 வீதியில் மணல் ரிப்பர்கள் ஓடுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியும், வானில் எத்தனை பிள்ளைகளை அடைத்து ஏற்றுகிறார்கள் என்பதும் தெரியும். மூன்று வயதுப் பிள்ளை விடியமுன் எழும்பி, அரைகுறையாகச் சாப்பிட்டு, வானில் நித்திரை தூங்கிப் போய் இறங்கினால் அங்கே எதைப் படிக்கப் போகுது?

போய்ப் பார்க்கிறது என்றால் ரீச்சரிடம் நேரம் கேட்டு, அவர்கள் கூட்டித் துடைத்து வைத்த நாளில் போகிறதில்லை. ஒரு சாதாரண நாளில், பிள்ளைகள் வருகிற நேரத்துக்குப் போய், இடைவேளை முடியும்வரை ஒரு கரையில் இருங்கோ. கட்டாயம் ஒரு பிள்ளை அழும். அப்போது ரீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கோ. பக்கத்தில் இருத்தி, கையில் எதையாவது கொடுத்து, மற்ற வேலையையும் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தேற்றுகிறாரா? அல்லது "அழுதால் அம்மா கூட்டிக்கொண்டு போக வரமாட்டா" என்று வெருட்டுகிறாரா? வெருட்டுகிற இடத்தில், தடி வைத்திருக்கிற இடத்தில், கட்டடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விடாதேங்கோ.

அப்புறம் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கோ. களிமண் பிசைகிறார்களா, புளியங்கொட்டை அடுக்குகிறார்களா, கடதாசி கிழித்து ஒட்டுகிறார்களா? விரல்கள் பலப்படுகிறது அதில்தான். பென்சிலைப் பிடிக்கவே விரல் வலிக்கிற வயதில் கொப்பி நிறைய அ, ஆ எழுதுவிக்கிறதைப் பார்த்து நாங்கள் "நல்லாப் படிப்பிக்கினம்" என்று சந்தோசப்படுகிறோம், அப்படி எழுதுவிக்கச் சொல்லி ரீச்சர்மாரை நெருக்குகிறதும் பெற்றோர்தான். தரம் ஒன்றில் எழுத்தை முதலில் இருந்துதான் தொடங்குவார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கினால் போதும், அதற்குப் பிறகு அவசரம் ஒன்றும் இல்லை.

ஆங்கிலம் என்கிறீர்கள். அரச பாடசாலைகளில் தரம் 1, 2 இல் ஆங்கிலம் பேச்சு, பாட்டு, விளையாட்டாகத்தான் போகுது, முறையான பாடமாகத் தொடங்குகிறது தரம் 3 இல்தான். உங்கள் மகள் இப்போதைக்குத் தமிழில் "ஏன், எப்படி" என்று கேட்டுக் கேட்டு வாயாடட்டும். அந்த வாயாட்டம் உள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் பிறகு கெதியாக வரும்.

எங்கட ஊர்களுக்கென்று பார்க்கவேண்டியவை வேறு இருக்கு. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் இருக்கா? வளவுக்கு அருகால் வாய்க்கால் ஓடினால் வேலியும், பூட்டுகிற படலையும் இருக்கா? மலசலகூடத்தில் தண்ணீர் இருக்கா, சின்னப் பிள்ளை தானாகப் போய் வரலாமா? மாரியில் முற்றத்தில் வெள்ளம் நிற்குமா, பற்றை வெட்டியிருக்கா, பாம்பு வருகிற இடமா? பள்ளி வலயக் கல்வி அலுவலகத்தில் பதிவானதா, ரீச்சர் பயிற்சி எடுத்தவரா என்றும் கேளுங்கோ, கேட்கிறதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அங்கே குறையே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஊஞ்சல் அறுந்து கிடக்கும், கூரை ஒழுகும். எங்கட முன்பள்ளி ரீச்சர்மார் மிகச் சொற்பக் கொடுப்பனவுக்கு வருசக்கணக்காக நிற்கிறவர்கள், அவர்களை நினைக்க எனக்கு மனம் கனக்கும். வான் காசும் நேர்சரிக் காசும் மிச்சம் பிடிக்கிறீர்கள் தானே, அதில் கொஞ்சத்தை நாலு பெற்றோரோடு சேர்ந்து அந்த ஊஞ்சலுக்கும் கூரைக்கும் போடுங்கோ. அவருக்கும் இதைச் சொல்லுங்கோ. தூரத்தில் நிற்கிற தகப்பனுக்குத் தன்ர உழைப்பு மகளுக்கு எப்படிப் பயன்படுகுது என்று தெரியவேணும்.

கேள்வி: பேரனுக்கு 3 வயதாகுது. அம்மா, தா, வா என்று நாலைந்து சொல்தான் வருது. முன்பள்ளியில் விட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கதைச்சிடுவான் என்று எல்லாரும் சொல்லினம். விடலாமா? – ஒரு அம்மம்மா, மாங்குளம்

பதில்: விடுங்கோ அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. இந்த வயதில் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்து வசனமாகக் கதைக்கவேணும். முதலில் அவனுக்குக் காது சரியாகக் கேட்குதா என்று பார்க்கவேணும், பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா? திரும்பினாலும் பரிசோதனை வேணும். குடும்பநல மாதுவிடம் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டி, கிளினிக் டொக்டரிடம் துண்டு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பேச்சுப் பயிற்சி எவ்வளவு வெள்ளன தொடங்குகிறோமோ அவ்வளவு பலன், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற கதையை நம்பி ஒரு வருசத்தை விட்டுவிடாதேங்கோ. கையில் போனைக் கொடுத்து இருத்துகிறதையும் நிற்பாட்டுங்கோ. கோழிக்குத் தீன் போடும்போதும் சோறு ஊட்டும்போதும் அவனோடு கதைச்சுக்கொண்டே இருங்கோ, அவன் பதில் சொல்ல நேரம் விட்டுக் கதையுங்கோ. முன்பள்ளி ரீச்சரிடமும் விசயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கோ.

கேள்வி: மகனுக்கு 5 வயது பெப்ரவரி 10 இல்தான் முடியுது. அந்த வருசமே தரம் ஒன்றில் சேர்க்கலாமா? – ஒரு தகப்பன், மல்லாவி

பதில்: முடியாது. ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்கவேணும். இன்னொரு வருசம் முன்பள்ளியில் விளையாடட்டும் தம்பி, அவனுக்கு அது நல்லதுதான்.