இரண்டு கோர்ட்டிலும் தோற்ற பிறகு ஹைகோர்ட் சாட்சியங்களை மறுபடி பார்க்குமா?

பெரும்பாலும் பார்க்காது. உங்களுடையது நிலத் தகராறாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் இதே இடத்தில் வந்து நின்றது.

பெங்களூரை அடுத்த ஒசகோட்டை பக்கம் அப்பா வாங்கிய மனைக்குப் போகிற பாதையைப் பக்கத்து மனைக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். கேஸ் போட்டோம். அப்பா கூண்டில் நின்றபோது பாதை எத்தனை அடி அகலம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அப்பா பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கன்னடம் சரளமாக வரும், ஆனால் அடிக்கணக்கு சொல்லத் தெரியாமல் "ஒரு மாட்டு வண்டி தாராளமா போகும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். டைப் ஆகி வந்த வாக்குமூலத்தில் "அகலம் தெரியாது" என்று மட்டும்தான் இருந்தது. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் கமிஷனர் ஒருவரைப் போட்டு, சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி மனு கொடுங்கள் என்று அப்பா எவ்வளவோ கெஞ்சியும் வக்கீல் தேவையில்லை என்றுவிட்டார். பாதை நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது, முதல் அப்பீலில் மாவட்ட கோர்ட்டும் அதையே சொன்னது. விதான சௌதாவுக்கு எதிரே இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு, அதாவது ஹைகோர்ட்டுக்குப் போனால், அப்பீலை விசாரணைக்கு ஏற்கலாமா என்று பார்க்கும் அட்மிஷன் கட்டத்திலேயே தள்ளுபடி. இரண்டு கோர்ட்டும் பாதை இல்லை என்கின்றன, இதில் சட்டக் கேள்வி எங்கே இருக்கிறது என்று நீதிபதி கேட்டார், எங்களிடம் பதில் இல்லை.

1976 திருத்தத்துக்குப் பிறகு சிவில் நடைமுறைச் சட்டம் 100வது பிரிவு இப்படித்தான்: முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் இரண்டாவது அப்பீல். உண்மை விவரத்துக்குக் கடைசி இடம் முதல் அப்பீல்தான். பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட் தீர்ப்பு என்றால் முதல் அப்பீலே ஹைகோர்ட்டுக்குத்தான் போகும், அங்கே சாட்சியத்தையும் அலசலாம். அதனால் உங்களுடையது எந்த அப்பீல் என்று முதலில் பாருங்கள்.

கீழ்க் கோர்ட் தப்பு செய்தால் விட்டுவிடுவதா என்று யாராவது சண்டைக்கு வரலாம். ஆதாரமே இல்லாமல் முடிவு சொல்லியிருந்தாலோ முக்கியமான ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலோ ஹைகோர்ட் தலையிடும். மற்றபடி இந்த விதி நியாயம் என்றுதான் தோற்ற பிறகும் சொல்கிறேன். அப்பா கையை விரித்ததைப் பார்த்தவர் கீழ்க் கோர்ட் நீதிபதி ஒருவர்தான், மேலே போனது வெறும் காகிதம். அதனால்தான் சொல்கிறேன், நல்ல வக்கீலும் பணமும் முதல் கோர்ட்டிலேயே வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வயதான மனிதரைக் கூட்டிக்கொண்டு டின் ஃபாக்டரி ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டு கிடப்போம், கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். ஒசகோட்டைக்கு இன்னும் மெட்ரோ வரவில்லை. வயதானவர்கள் கேஸை மட்டுமாவது வாய்தா இல்லாமல் நடத்தக்கூடாதா?

சரி, உங்கள் விஷயம். இரண்டு தீர்ப்பையும் வக்கீலோடு உட்கார்ந்து படித்து, எந்த ஆவணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று தேடுங்கள். சட்டக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் வேறு வக்கீலைக் கேளுங்கள், ஆனால் சீக்கிரம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்களைக் கணக்கில் சேர்க்காமல், தீர்ப்பிலிருந்து 90 நாள்தான் கெடு.