குட்டியை எப்போது பால் மறக்கடித்தால் கறி தேறும்?

கேள்வி: 20 தலைச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறேன். தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று கிடாக் குட்டிகளை 45 நாளிலேயே பிரித்துவிட்டேன். தராசில் எடை சரியாகவே காட்டுகிறது. அறுத்தால் கறி தேறவில்லை என்று கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். பிரித்த வயதுதான் காரணமா?

பதில்: பாதி அதுதான். மீதி, பிரித்த பிறகு வந்த தேக்கம்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பிறந்த குட்டி குடிக்கும் பால் நேராக நான்காவது அறைக்குப் போய்விடும். தழையைச் செரிக்கும் முதல் அறை வேலைக்கு வர 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்கு முன் பாலை நிறுத்தினால் பாலும் இல்லை, தழையும் சேராது. குட்டி பல நாள் வளராமல் நிற்கும். பிறகு தழையாகத் தின்று தொந்தி போடும். தராசு காட்டுவதில் ஒரு பங்கு குடலில் கிடக்கும் தீவனம்தான். 15 கிலோ கிடாவில் 47 சதவீதம் தேறினால் எலும்போடு 7 கிலோ. 40 சதவீதம் என்றால் 6 கிலோ. இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் வைத்து அமுக்கிப் பாருங்கள். எலும்பு முனை கூராகக் குத்தினால் சதை பிடிக்கவில்லை. கடைக்காரர் கை வைப்பதும் அங்கேதான்.

அமெரிக்காவில் கறிமாட்டுக் கன்றை வழக்கமான 7 மாதத்துக்குப் பதிலாக 4, 5 மாதத்திலேயே பிரித்துத் தானியம் கொடுப்பதுண்டு. சதைக்குள் கொழுப்பு இழையோடும், அதற்கு அங்கே கூடுதல் விலை. ஆட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆட்டுக் கொழுப்பு முதலில் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் சேரும்.

90 நாளில் பிரியுங்கள். நாள் ஆகியும் 8 கிலோ தாண்டாத குட்டியை இன்னும் 2 வாரம் விடலாம். அடர்தீவனத்தை 3-வது வாரமே பழக்க வேண்டும்: குட்டி மட்டும் நுழையும்படி மூங்கில் தடுப்பு கட்டி, உள்ளே ஒரு குட்டிக்குத் தினம் 50 கிராமில் தொடங்கி 90 நாளில் 200 கிராம் வரை. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, வெல்லம் 5, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. குருணையாக உடைக்கவும், மாவாக அரைத்தால் மூக்கில் ஏறித் தும்மும், தின்னாது. பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.

குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விட்டு, தாய்களைச் சத்தம் கேட்காத தூரத்துக்கு மாற்றுங்கள். குடற்புழு மருந்து, துள்ளுமாரி (குடலில் நஞ்சு பரவும் நோய்) தடுப்பூசி, விதை நீக்கம் எதையும் பிரிக்கும் வாரத்தில் வைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பால் போன ஏக்கத்துக்குத் தீவனத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. வயிறு உப்பும், துள்ளுமாரியும் வரும்.

தாய் பருவத்துக்கு வரவில்லையென்றால் அதற்குத் தினம் 250 கிராம் அடர்தீவனம் கூட்டிப் பாருங்கள். அதற்காகக் குட்டியின் பாலில் கை வைக்க வேண்டியதில்லை.